துறந்தவனின் குலப்பெயர்

வீட்டையும், உற்றாரையும், பொருளையும், தலைமுடியையும்கூடத் துறந்து வெளியேறும் ஒருவன், தன் குலத்தின் பெயரை மாத்திரம் உடன் கொண்டு செல்லலாமா, அன்றி அதையும் வாயிற்படியிலேயே இறக்கி வைத்துவிட வேண்டுமா என்ற கேள்வி, சந்நியாச தர்மம் வேரூன்றிய தேசங்கள் எல்லாவற்றிலும் எழுந்திருக்கிறது. நம் நாட்டில் துறவியின் பூர்வாசிரமப் பெயரைச் சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவு என்ற வழக்கு அதற்கு ஒரு விடையாக நின்று வருகிறது. ஜப்பானிலோ, அரசாங்கம் குடும்பப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிக்ஷுவையும் பார்த்து, 'உன் குடும்பப் பெயர் என்ன?' என்று கேட்கும் காலம் ஒன்று வந்தது. குடும்பம் இல்லை என்று விரதம் பூண்டவர்கள் அதற்கு ஏதேனும் ஒரு பதிலை எழுதித் தர வேண்டியிருந்தது. அப்போது சிலர் எழுதிய பெயர்தான் 'ஷாக்கு' என்பது.

இன்றைய ஜப்பானில் ஒரு லக்ஷத்துக்கும் மேற்பட்ட குடும்பப் பெயர்கள் வழங்குகின்றன என்பர். அவற்றுள் ஸாத்தோ என்பது முதலிடத்திலும் சுஸுகி அதற்கு அடுத்த இடத்திலும் நிற்க, ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒன்றரைப் பேர் அளவில் ஸாத்தோக்களாகவே இருக்கிறார்கள். அந்தப் பெரும் கூட்டத்தில் ஷாக்கு என்பவர் மிக அபூர்வம். ஜப்பானியர் ஒருவர் தம் ஆயுளில் அப்பெயருடைய ஒருவரையும் சந்திக்காமலே போகக்கூடும். ஆயினும், தோன்றிய வரலாற்றைக் கொண்டு நோக்குவோமானால், ஆசியக் கண்டத்திலேயே இதைவிட நெடுந்தூரம் யாத்திரை செய்த குலப்பெயர் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். ஏனெனில் இது கபிலவஸ்துவில் புறப்பட்ட பெயர். சாக்கியர் என்ற குலப்பெயரின் முதல் அசையைச் சீனர் தம் எழுத்தொன்றால் குறித்தார்கள். அதே எழுத்தை ஜப்பானியர் ஷாக்கு என்று வாசித்தார்கள்.

சாக்கியர் தம் பிறப்பைப் பற்றிக் கொண்டிருந்த கர்வம் பௌத்த நூல்களிலே ஒளிவு மறைவின்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. அநுருத்தர், ஆனந்தர் முதலிய சாக்கிய ராஜகுமாரர்கள் சங்கத்தில் சேர வந்தபோது, தம்முடன் வந்த நாவிதராகிய உபாலிக்கு முதலில் துறவு அளிக்கும்படி புத்தரை வேண்டிக்கொண்டதாகவும், அவ்வாறு முந்திச் சேர்ந்தவரைப் பிந்திச் சேர்ந்தவர் வணங்க வேண்டும் என்ற விதியினால் தங்கள் குலச் செருக்கு தணியட்டும் என்று அவர்களே காரணம் கூறியதாகவும் விநயபிடகம் தெரிவிக்கிறது. வீட்டில் தங்கிவிட்ட சாக்கியரின் கதை வேறு. கோசல மன்னன் பசேநதி அவர்களிடம் பெண் கேட்டபோது, சமானமல்லாத குலத்துக்குத் தம் பெண்ணைக் கொடுக்க மனமின்றி, அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவள் ஒருத்தியை ராஜகுமாரி என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். அவள் வயிற்றில் பிறந்த விடூடபன், தாய்வழி ஊருக்கு வந்தவிடத்தில் தான் அமர்ந்த ஆசனத்தைப் பால்கலந்த நீரால் கழுவினார்கள் என்பதை அறிந்து, அரசேறியபின் படையெடுத்து வந்து அக்குலத்தை அழித்தான் என்பது பழைய உரைகளில் காணும் செய்தி. பிறப்பைக் காத்துக்கொள்ள நினைத்த சாக்கியர் பிறப்பினாலேயே மாண்டார்கள். பிறகு அந்தப் பெயர் உலகில் எஞ்சியது யாரால் என்றால், தம் பிறப்பை விட்டு வந்து புத்தரைப் பின்பற்றிய பிராமணரும் வைசியரும் நாவிதரும் தோட்டிகளுமாகிய அந்நியர்களால்தான்.

கங்கை, யமுனை முதலிய மாநதிகள் சமுத்திரத்தை அடைந்தபின் தம் பழைய நாம கோத்திரங்களை இழந்து சமுத்திரம் என்ற ஒரே பெயரைப் பெறுவதுபோல, நான்கு வர்ணத்தாரும் சங்கத்தில் புகுந்தபின் தம் நாம கோத்திரங்களை விட்டுச் சாக்கிய புத்திரர் என்றே வழங்கப்படுவார்கள் என்று புத்தர் உபதேசித்ததாகப் பாலி நூல்கள் கூறுகின்றன. இந்த உபமானத்தின் அழகில் மயங்கி அதன் உள்ளே கிடக்கும் சிக்கலை நாம் பாராமல் போய்விடக்கூடாது. நதிகள் தம் பெயரை இழந்தது மெய்; ஆனால் அவை பெற்ற புதுப்பெயரும் ஒரு குலத்தின் பெயர்தானே? பிறப்பை மறுப்பதற்கு என்று கொள்ளப்பட்ட அடையாளம், ஒரு பிறப்பின் அடையாளத்தையே எடுத்துக்கொண்டது. எல்லாக் குலத்தையும் விட்டவனுக்கு அவன் ஆசாரியர் விட்ட குலத்தின் பெயர் வாய்த்தது. இந்த முரண் வெறும் தர்க்க விளையாட்டாக நின்றுவிடவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஜப்பானில் உண்மையான மனிதர்களின் வாழ்க்கையில் வந்து உறுத்தியது.

சீனத்தில் பௌத்தம் பரவிய முதல் நூற்றாண்டுகளில் பிக்ஷுக்களுக்குப் பொதுவான பெயர் ஒன்றும் இருந்ததில்லை. இந்தியாவிலிருந்து வந்த குருவிடம் தீக்ஷை பெற்ற சீனன், இந்தியாவைக் குறிக்கும் சூ என்ற எழுத்தைத் தன் பெயருக்கு முன் வைத்துக்கொண்டான். பார்த்திய குருவின் சீடன் ஆன் என்றும், சோக்தியக் குருவின் சீடன் காங் என்றும் வைத்துக்கொண்டார்கள். பெற்ற தந்தையின் குலத்தை விட்டவன் குருவின் தேசத்தைச் சுமந்துகொண்டிருந்தான் என்பதுதான் இதன் பொருள். 312-ல் வெய் என்ற குடும்பத்தில் பிறந்து 385-ல் மறைந்த தாவோ-ஆன் என்ற மகா பண்டிதர் இதைக் கண்டு அமைதி கொள்ளவில்லை. துறவிகள் யாவருக்கும் மூலகுரு சாக்கியமுனி ஒருவரே ஆதலின் யாவரும் அவர் பெயரையே தாங்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அவர் வாழ்வின் இறுதிக் காலத்தில் சாங்கான் நகரில் ஏகோத்தர ஆகமம் மொழிபெயர்க்கப்பட்டபோது, நதிகள் கடலில் பெயரிழக்கும் அந்த உபமானம் அதில் இருக்கக் கண்டு, அவர் சொன்னது சாஸ்திர சம்மதமே என்று எல்லாரும் ஏற்றார்கள். நூலைக் காணாமலே நூலின் கருத்தை ஒருவர் எட்டியது பெரும் சிறப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. குருவின் நாட்டைப் பெயரில் சுமந்தவர்களிடையே இருந்துகொண்டு, நாட்டையும் விடவேண்டும் என்று நினைக்கும் துணிவு பலருக்கு வருவதன்று.

அன்று தொட்டு அந்த ஓரெழுத்து கிழக்காசியா முழுவதும் சென்றது. கொரியாவில் அதைச் சொக் என்றார்கள். வியட்நாமில் அது திக் ஆயிற்று. 1963-ல் சைகோன் வீதியில் தம் உடலுக்குத் தீமூட்டிக்கொண்ட திக் குவாங் டுக், உலகம் அறிந்த திக் நாட் ஹான் ஆகியோர் பெயரின் முன்னே நிற்பது தாவோ-ஆன் விதித்த அந்த எழுத்தே. இன்றும் அந்நாட்டுப் பிக்ஷுக்களும் பிக்ஷுணிகளும் அதை வைத்துக்கொள்கிறார்கள். ஜப்பானில், துறவு பூண்டவனைக் குடும்பப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் துறவியர் பதிவேட்டில் சேர்ப்பது பழைய ராஜ்ய விதி. ஆதலால் பிக்ஷுவுக்குக் குலப்பெயர் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. 1322-ல் கோக்கன் ஷிரென் என்ற ஸென் பண்டிதர் ஜப்பானிய பௌத்தத்தின் வரலாற்றை முதன்முதலாக முழுமையாக எழுதி, அதற்குக் 'கெங்கோ ஷாக்குஷோ' என்று பெயரிட்டபோது, ஷாக்கு என்ற எழுத்து துறவியர் யாவருக்கும் உரிய பொதுப் பெயராக அங்கே வேரூன்றிவிட்டது.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1207-ல், நிகழ்ந்த ஒரு சம்பவத்தின்மேல் நான் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன். அமிதாப புத்தரின் நாமத்தை நம்பிச் சொல்லும் எவருக்கும் முக்தி உண்டு என்று போதித்த ஹோனெனையும் அவர் சீடர்களையும் ராஜசபை தண்டித்தது. நால்வருக்கு மரண தண்டனை, மற்றவர்களுக்கு நாடு கடத்தல். துறவியைத் துறவியாக வைத்துத் தண்டிக்க விதி இடம் தராமையால், முதலில் அவர்களுடைய துறவை நீக்கி, இல்லறத்தாருக்குரிய பெயர்களைச் சூட்டினார்கள். ஹோனென் புஜீ மோத்தோஹிக்கோ ஆனார். முப்பத்தைந்து வயதினராயிருந்த ஷின்ரான் புஜீ யோஷிஸானே என்ற பெயருடன் வடகடல் ஓரத்து எச்சிகோவுக்கு அனுப்பப்பட்டார். குடும்பப் பெயரைத் தருவதே தண்டனையாக இருந்த காலம் அது.

ஷின்ரான் அந்தப் பெயரை ஏற்கவில்லை. பழைய நிலைக்கும் திரும்பவில்லை. தாம் பிக்ஷுவும் அல்லர், இல்லறத்தாரும் அல்லர் என்று தம் பெருநூலின் முடிவுரையில் எழுதி, மழித்து முடித்தும் மழியாமல் அரைகுறையாய் முடி வளர்ந்த தலையன் என்று பொருள்படும் சொல்லைத் தம் குலப்பெயராகத் தாமே சூட்டிக்கொண்டார். அவர் மணம் செய்துகொண்டார், மக்களைப் பெற்றார். விநயத்தின்படி அவர் பிக்ஷு என்ற பெயருக்கு உரியவர் அல்லர். அப்படியிருந்தும் தம் நூலில் 'மூடனாகிய அரைமொட்டை ஷாக்கு ஷின்ரான்' என்ற பொருள்படக் கையொப்பமிட்டார். இந்தக் கையொப்பத்தைக் காணும்தோறும் என் மனம் உருகுகிறது. தகுதியின்மையை அறிவிக்கும் சொல்லும், புத்தரின் குடும்பத்தில் ஒருவன் என்று உரிமை கொண்டாடும் சொல்லும் ஒன்றையொன்று தள்ளாமல் அருகருகே நிற்கின்றன. விரதங்களைக் காத்ததனால் ஒருவன் சாக்கிய புத்திரன் ஆவதில்லை. விரதம் காக்க இயலாதவனையும் கைவிடாத கருணை அவனை அழைத்துக்கொண்டதனால் ஆகிறான் என்பது அவர் சித்தாந்தம். கடலில் புகுவதற்கு நதி தன் நீரைத் தெளிவித்துக்கொண்டு வரவேண்டும் என்ற நிபந்தனையை அவர் எடுத்துவிட்டார் என்றே நான் கொள்கிறேன்.

பின்வந்த நூற்றாண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். தோக்குகாவா ஆட்சியில் ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஓர் ஆலயத்தில் பதிந்திருக்கவேண்டும் என்ற சட்டத்தினால் பிக்ஷுக்கள் ஒருவகையில் அரசின் கணக்கர்கள் ஆனார்கள். சாமானிய ஜனங்கள் குடும்பப் பெயரைப் பகிரங்கமாக வழங்கலாகாது என்பதும் அக்காலத்து விதி. 1868-ல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்டவுடன், ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரித்துவிடும் ஆணை பிறந்தது. அதைத் தொடர்ந்து புத்தரை ஒழிப்போம், ஷாக்குவை அழிப்போம் என்ற கோஷத்துடன் ஆலயங்கள் இடிபட்டன, விக்கிரகங்கள் எரிந்தன. 1870-ல் சாமானியரும் குடும்பப் பெயர் கொள்ளலாம் என்ற அனுமதியும், 1871-ல் புதிய குடும்பப் பதிவேட்டுச் சட்டமும் வந்தன. 1872-ல் பிக்ஷுக்கள் மாமிசம் உண்பதும், மணம் செய்வதும், முடி வளர்ப்பதும் அவரவர் விருப்பம் என்று அரசாங்கம் அறிவித்தது. அதே ஆண்டிலேயே, பிக்ஷுக்கள் அனைவரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஏனைய குடிமக்களுக்கு அது கட்டாயமானது மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1875-ல் தான்.

மணம் செய்யலாம் என்ற அறிவிப்பைப் பற்றி எழுந்த பூசல் மிகுதி. ஜோதோ சம்பிரதாயத்தைச் சேர்ந்த வயோதிகர் புக்குதா கியோகாய் அதை எதிர்த்து அரசுக்கு விண்ணப்பம் செய்தார். கடைசியில் 1878-ல், அரசு தன் தண்டனையை மட்டுமே நீக்கியதென்றும் சம்பிரதாய விதிகளில் தலையிடவில்லை என்றும் விளக்கம் கூறப்பட்டது. பெயர் பற்றிய ஆணையைக் குறித்து இன்று பேசுவோர் குறைவு. ஆயினும் என் கருத்தில் இரண்டனுள் ஆழமானது அதுவே. மணம் செய்யலாம் என்பது அனுமதி மாத்திரம், வேண்டாதவன் விட்டுவிடலாம். பெயர் கொள்ள வேண்டும் என்பதோ கட்டளை. மலைக்குகையில் தனித்திருந்த பிரம்மசாரித் துறவியும் அதிலிருந்து தப்ப முடியாது. வீட்டை விட்டவன் என்ற ஒரு நிலையே சட்டத்தின் கண்ணில் இல்லாமற்போயிற்று. பிக்ஷுத்தன்மை தச்சுவேலைபோல, வாணிபம்போல, ஒரு தொழில் ஆயிற்று.

அவர்கள் என்ன பெயர் வைத்துக்கொண்டார்கள்? பலர் தாம் பிறந்த குடும்பத்தின் பெயருக்கே திரும்பினார்கள்; சிலர் ஊரின் பெயரையோ ஆலயத்தின் பெயரையோ கொண்டார்கள். ஷின்ரானின் வழிவந்த ஹொங்கான்ஜி ஆலயங்களின் பீடாதிபதிகள், அவருடைய சமாதி முதலில் அமைந்த கியோத்தோ ஓதானியின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டனர். வேறு சிலர், பதிவேட்டில் ஏதாவது எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் தாவோ-ஆன் கொடுத்ததையே எழுதுவோம் என்று ஷாக்கு என எழுதினார்கள். நான்கே ஆண்டுகளுக்குமுன் எந்த எழுத்தை அழிப்போம் என்று கூச்சலிட்டுக்கொண்டு ஜனங்கள் ஆலயங்களுள் புகுந்தார்களோ, அதே எழுத்தை அரசாங்கப் பதிவேட்டில் தம் குலம் என்று எழுதிய அந்த மனிதர்களின் செயலில் பணிவும் இருந்தது, உறுதியும் இருந்தது.

அவ்வாறு அறியப்பட்டவர்களுள் இருவர் நமக்குச் சமீபமானவர்கள். ஷாக்கு கோஸென் (1849–1924) 1886-ல் இலங்கைக்கு வந்து, கொழும்பு வித்யோதய பிரிவேனாவில் ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பயின்று, 1890-ல் தேரவாத உபசம்பதை பெற்றுத் திரும்பினார். ஷாக்கு சோயென் (1860–1919) இச்சினோஸே என்ற குடும்பத்தில் பிறந்தவர். அவரும் 1887-ல் இலங்கை சேர்ந்து ஈராண்டுக்காலம் தங்கினார். 1892-ல் காமக்குராவின் எங்காக்குஜி மடாதிபதியாகி, மறு ஆண்டில் விவேகானந்தர் பேசிய சிக்காகோ சர்வமத மகாசபையிலே தாமும் பங்குகொண்டார். மேற்கு நாடுகளுக்கு ஸென்னை அறிமுகம் செய்த சுஸுகி தைசெட்சு அவர் சீடர். குருவின் குலப்பெயர் கடலின் பெயராகவும், சீடரின் குலப்பெயர் நாட்டிலேயே இரண்டாவது பெரிய பெயராகவும் அமைந்த அந்த ஜோடியில், தம் சுஸுகி என்ற பெயரோடேயே வாழ்ந்து மறைந்த சீடர், குருவின் குலத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்று யார் சொல்லத் துணிவார்கள்? சுமங்கலரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1898-ல் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று அந்த மகானிடமே பஞ்சசீலம் பெற்றுத் திரும்பிய அயோத்திதாச பண்டிதர், சென்னை இராயப்பேட்டையில் தாம் நிறுவிய சபைக்குச் சாக்கிய பௌத்த சங்கம் என்று பெயர் வைத்தார். சமூகம் தம் மக்கள்மேல் சுமத்திய பெயரைத் தள்ளிவிட்டு, தாங்கள் சாக்கிய வம்சத்தாரே என்று அவர் முழங்கினார். எட்டாண்டுகளுக்குமுன் அதே குருவின் சீடராயிருந்த ஒரு ஜப்பானியர் தாங்கிய பெயரும் அவர் தாங்கிய பெயரும் ஒன்றே.

இனி வருத்தம் தரும் பகுதிக்கு வருவோம். பதிவேட்டில் எழுதப்பட்ட குலப்பெயர் எழுதியவனோடு நிற்பதில்லை, மகனுக்குப் போகிறது. பிரம்மசாரியாயிருந்தவர் விஷயத்தில் அது அவரோடு முடிந்திருக்கும். மணம் செய்துகொண்டவர் விஷயத்திலோ ஷாக்கு என்பது பரம்பரைப் பெயர் ஆயிற்று. இன்று ஜப்பானில் 75,000-க்கு மேற்பட்ட பௌத்த ஆலயங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பலவற்றில் தந்தைக்குப்பின் மகனே பூசகராகிறான். மகன் இல்லாவிடில் மகளுக்கு மணம் செய்விக்கும் மாப்பிள்ளையைச் சுவீகாரம் எடுத்து, அவன் தன் பெயரை விட்டு அவ்வாலயக் குடும்பத்தின் பெயரை ஏற்கும்படி செய்கிறார்கள். நேபாளத்துக் காத்மாண்டு சமவெளியிலும் இத்தகைய ஒரு நிலைமை உண்டு: அங்கே நேவார் மக்களிடையே சாக்கியர் என்பது ஒரு ஜாதி; அந்த ஜாதியில் பிறந்த பையன் நான்கு நாட்கள் பிக்ஷுவாக இருந்து, பின் வீடு திரும்பி, ஆயுள் முழுதும் விகாரையின் அங்கத்தினனாக இருப்பான்; வேறு குலத்தவனுக்கு அந்த விகாரையில் இடமில்லை. நதிகள் பெயரிழக்கும் கடலுக்கே கரை போட்டு, அதையும் ஒரு குடும்பச் சொத்தாகப் பாகம் செய்துகொண்ட காட்சி இது.

குடும்பப் பெயர் பற்றிய ஜப்பானியச் சட்டம் வேறொரு விதத்திலும் கடினமானது. 1947-ல் திருத்தப்பட்ட சிவில் சட்டத்தின் 750-ஆம் பிரிவின்படி கணவனும் மனைவியும் ஒரே பெயரைக் கொள்ள வேண்டும். யாருடையது என்பது அவர்கள் இஷ்டம் என்று சட்டம் சொன்னாலும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவில் பெண்களே தம் பெயரை விடுகிறார்கள். 2015-லும் 2021-லும் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணன்று என்று தீர்ப்பளித்தது. இந்த முறையே நீடிக்குமானால் 2531-ஆம் ஆண்டில் ஜப்பானியர் அனைவருமே ஸாத்தோ என்ற ஒரே பெயர் உடையவர்களாக இருப்பார்கள் என்று தோஹொக்கு சர்வகலாசாலைப் பேராசிரியர் யோஷிதா ஹிரோஷி 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். எல்லாரும் ஒரே பெயர் கொள்வதுதான் புத்தர் விரும்பியது என்று கொண்டு, இதையும் அதையும் ஒன்றாக எண்ணிவிடுவது தவறு. சட்டம் ஒருத்தியின் பெயரைப் பறிப்பதும், ஒருத்தி தானே உவந்து தன் பெயரை விடுவதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத் தோன்றும். ஆன்ம வாழ்வில் அவற்றுக்கிடையே உள்ள தூரத்துக்கு அளவில்லை.

உயிரோடிருப்பவர்களிடையே இவ்வளவு அரிதாகிய ஷாக்கு என்ற பெயர், இறந்தவர்களிடையே எண்ணில் அடங்காதது. ஷின்ரானின் வழிவந்த ஜோதோ ஷின்ஷுவே ஜப்பானிய பௌத்தத்தின் மிகப் பெரிய சம்பிரதாயம். இரு ஹொங்கான்ஜிகளின் கீழ் மாத்திரம் 18,000-ஐ ஒட்டிய ஆலயங்கள் இருக்கின்றன. இச்சம்பிரதாயத்தைச் சேர்ந்தவர் இறந்தால் அவருக்கு ஒரு தர்மப் பெயர் அளிக்கப்படும். ஷாக்கு என்ற எழுத்தும் அதன்பின் இரண்டு எழுத்துக்களுமே அதன் வடிவம். விவசாயி, மீனவர், கடைக்காரர், ஆலைத் தொழிலாளி, யாராயினும் மரண நினைவுப் பலகையில் ஷாக்கு என்றே தொடங்குகிறார். ஆயுள் முழுதும் ஸாத்தோவாகவும் சுஸுகியாகவும் இருந்தவர்கள் அங்கே ஒரே குலத்தார். பிற சம்பிரதாயங்கள் சிலவற்றில் மரணப் பெயர் நீண்டதும் குறுகியதுமாய், பட்டங்களோடும் படிகளோடும், காணிக்கையின் அளவுக்கேற்ப அமைவதையும், ஒடுக்கப்பட்ட புராக்கு மக்களுக்கு மிருகத்தையும் அடிமையையும் குறிக்கும் எழுத்துக்களைச் சேர்த்துக் கல்லறையிலும் அவர்களை இழிவுபடுத்திய கொடுமையையும் நினைக்கும்போது, இந்த மூன்றெழுத்துப் பெயரின் மகத்துவம் விளங்கும். 1979-ல் பிரின்ஸ்டனில் கூடிய உலக சமய சமாதான மாநாட்டில் ஸோத்தோ சம்பிரதாயத் தலைவர் ஒருவர் தம் நாட்டில் அத்தகைய வேற்றுமை இல்லை என்று பேசியதால் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே, அந்தச் சம்பிரதாயம் தன் பழைய பதிவுகளையும் கற்களையும் ஆராய்ந்து பார்க்கத் தொடங்கியது.

ஷின் சம்பிரதாயமும் குற்றமற்றதன்று. புராக்கு மக்களுள் பெரும்பாலோர் இச்சம்பிரதாயத்தினரே. அவர்களுக்குத் தனி ஆலயங்கள் வைத்து ஒதுக்கியதும் இதே சம்பிரதாயந்தான். பெண்களின் மரணப் பெயரில் மட்டும் பெண் என்பதைக் காட்டும் ஓர் எழுத்தை நெடுங்காலம் இடையே செருகி வந்தார்கள். எல்லாரையும் ஷாக்கு என்று அழைத்த ஆசாரியரின் பெயரால் இவை நிகழ்ந்தன. ஆகவே, 1922-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி கியோத்தோவில் ஸுயிஹெய்ஷா என்ற விடுதலை இயக்கத்தைத் தொடங்கிய புராக்கு இளைஞர்கள், இரு ஹொங்கான்ஜிகளின் நிதி வசூலுக்கும் இனிப் பணம் தருவதில்லை என்று அறிவித்தது எனக்கு நாஸ்திகமாகத் தோன்றவில்லை. ஷின்ரானின் மெய்யான சீடர்கள் செய்திருக்க வேண்டியதையே அவர்கள் செய்தார்கள். அந்த இயக்கத்தின் பிரகடனத்தை எழுதிய ஸாய்க்கோ மான்கிச்சி, நாரா பிரதேசத்தில் ஒரு ஷின் ஆலயத்திலே பிறந்தவர்.

இறந்தபின் வரும் பெயரை உயிரோடிருக்கும்போதே ஏற்று வாழ்ந்தவர் ஒருவரைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. நாட்டார் வழக்காற்று ஆராய்ச்சியில் பேர்பெற்ற ஒரிக்குச்சி ஷினோபு (1887–1953), கவிஞராக எழுதும்போது ஷாக்கு சோக்கூ என்றே கையெழுத்திட்டார். அது தர்மப் பெயரின் வடிவத்திலேயே அமைந்தது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தம் அன்புக்குரிய சீடர் ஹாருமியை 1944-ல் மகனாகச் சுவீகரித்துத் தம் குடும்பப் பெயரை அவருக்குத் தந்தார். அடுத்த ஆண்டில் இவோ தீவுப் போரில் அம்மகன் மாண்டார். நோதோ தீபகற்பத்து ஹாக்குயியில் இருவருக்கும் ஒரே கல்லறை. தந்தையும் மகனும் என்று அதில் எழுதச் செய்தவர் அவரே. குலத்தையே கடந்த பெயரால் கவி பாடியவர், தம் குலப்பெயரை ஒருவனுக்குக் கொடுக்க இவ்வளவு ஆசைப்பட்டதில் முரண் இருப்பதாகச் சிலர் கூறக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. அவர் கொடுத்த ஒரிக்குச்சி என்ற பெயரும் ரத்தத்தினால் வந்ததன்று. அன்பினால் கொடுக்கப்பட்டு, அன்பினால் ஏற்கப்பட்டது. சாக்கியமுனியின் பெயர் உபாலிக்கு வந்த வழியும் அதுவே.

ஆகவே, ஷாக்கு என்பது பரம்பரைப் பெயரானதனால் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஹொங்கான்ஜிகளில் கிகியோஷிகி என்ற ஒரு சடங்கு உண்டு. தலையில் மூன்றுமுறை சவரக் கத்தியை வெறுமனே தொட்டு எடுத்து, உயிரோடிருக்கும் இல்லறத்தாருக்கே தர்மப் பெயர் கொடுக்கிறார்கள். மரணத்துக்குக் காத்திராமல் இதைப் பெறுவதே முறை என்பது அச்சம்பிரதாயத்தின் கொள்கை. ஆலயப் பணிக்கு வருகிறவர்களுக்குத் தோக்குதோ என்ற தீக்ஷை தனியே நடக்கிறது. ஷின்ரான் 1181-ல் தம் ஒன்பதாம் வயதில் துறவு பூண்டார் என்ற நினைவைப் போற்றி, ஹொங்கான்ஜிகளுள் ஒன்றான ஓதானிக் கிளையில் ஒன்பது வயதுச் சிறுவரும் சிறுமியரும் அதைப் பெறலாம். ஷாக்கு என்ற குடும்பப் பெயருடைய ஓர் ஆலயத்தில் பிறந்த குழந்தை அங்கே வந்தாலும் அதற்கு விதிவிலக்கு இல்லை. தந்தை பதிவேட்டின் வழியாகக் கொடுத்த ஷாக்கு அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. மற்றக் குழந்தைகளோடு வரிசையில் அமர்ந்து, தலை குனிந்து, ஷாக்கு என்று தொடங்கும் பெயரை அதுவும் புதிதாகத்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.